தேரிக்குள் ஒரு சாளை மீன்

பாலைவனத்துக்குப் போய்வர விடுப்பு வேண்டும் என்று கேட்டபோது, பாஸ்போர்ட் எப்போது எடுத்தீர்கள் என்றுதான் எங்கள் பட்டறை முதலாளி முதலில் கேட்டார். திருநெல்வேலிப் பேட்டையில் இரும்புக் கதவு செய்கிற சிறிய பட்டறை அது. கணக்கு எழுதுவது என் வேலை. பஸ்ஸில் போகிற பாலைவனம்தான் என்றேன். அப்படியானால் திங்கட்கிழமை காலை வந்துவிட வேண்டும் என்றார்.

திருச்செந்தூருக்கு முருகனைப் பார்க்கப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தேரி கிடப்பது பலருக்கும் காதில் விழுந்த செய்திதான். செங்கல்லை இடித்துச் சலித்துக் கொட்டியதுபோலச் சிவந்த மணல், மேடு மேடாக. காற்று கொண்டுவந்து குவித்தது. இன்றும் காற்று அதைச் சும்மா விடுவதில்லை. நேற்று நடந்த தடம் இன்று இருக்காது. மழை அளவை வைத்துப் பேசுகிறவர்கள் இதைப் பாலைவனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பங்குனி நடுப்பகலில் செருப்பில்லாமல் அங்கே நின்று பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள்.

என்னை அழைத்தவள் ஜெசிந்தா. திருநெல்வேலியில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தாள். இப்போது திருச்செந்தூருக்குத் தெற்கே, தன் சொந்தக் கடற்கரை ஊரிலேயே ஆசிரியை. சனிக்கிழமைதோறும் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய ஊர் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு நடத்துகிறாள். சவுதியில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் பாலைவனத்தை வீடியோ எடுத்து அனுப்ப, அங்கே யார் யாரைத் தின்பார்கள் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். ஆற்றங்கரையில் எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, முதல் தும்பி என்றைக்குத் தெரிந்தது என்று எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அது அவளுக்கு நினைவிருந்தது.

நான் வந்தே ஆக வேண்டும் என்று அவள் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருந்தது. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகளின் வலைகளை இறக்கி அடுக்க இடம் வேண்டும். வெளியே கிடந்தால் வெயிலும் எலியும் சேர்ந்து கெடுத்துவிடும். அதனால் மண்டபத்தை எடுத்துக்கொள்ளப்போவதாக ஊர் கமிட்டி சொல்லிவிட்டது. வேறு இடம் இல்லை. மண்டபம் போனால் வகுப்பும் போயிற்று. கெஞ்சிக் கேட்டதில் ஒரு சலுகை கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகள் கற்றதை ஊருக்குச் செய்து காட்டட்டும், அதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்களாம்.

வியாழன்

பஸ் நிறையத் திருச்செந்தூர் பக்தர்களின் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும். ஜன்னலுக்கு வெளியே பிசான நெல் அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள் வெள்ளையாக இறங்கியிருந்தன. எங்கள் ஆற்றங்கரை உயிர்களுக்குப் பந்தி போட்டே வைத்திருக்கிறது. தவளை கிடைக்காவிட்டால் நண்டு, நண்டு கிடைக்காவிட்டால் நத்தை. இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின் சக்கரம் காற்றுப் போய் பஸ் சாய்ந்து நின்றது.

எல்லோரும் புளியமரத்தடியில் இறங்கினோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா தூக்குவாளியைத் திறந்து எனக்கும் ஒரு கை எலுமிச்சைச் சாதம் வைத்தார். முருகனிடம் என்ன வேண்டுதல் என்று கேட்டார். கோயிலுக்கு இல்லை, பாலைவனத்தில் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன் என்றேன்.

"அதுக்கு எதுக்கு தாயி அம்புட்டுத் தூரம்? எங்க வீட்டுக்கு வந்திருந்தா என் மருமவ காட்டியிருப்பாளே" என்றார்.

வெள்ளி

நாளை பிள்ளைகளை எங்கே இறக்குவது என்று பார்த்துவர மீரானின் லோடு வேனில் ஜெசிந்தாவும் நானும் தேரிக்குப் போனோம். மீரான் காயல்பட்டினத்துக்காரர். சவுதியில் பல வருடம் லாரி ஓட்டியவர். அந்த மணலையும் இந்த மணலையும் ஒப்பிட்டுப் பேச அந்தப் பக்கத்தில் அவரைவிடத் தகுதியான ஆள் இல்லை.

"அங்கன உள்ள மணலு சோம்பேறி டீச்சர். கிடந்த இடத்துல கிடக்கும். இது கோவக்காரன். பைய போனா வழி விடும்" என்றார். பைய போனோம். அப்படியும் மாட்டிக்கொண்டோம். பின் சக்கரங்கள் சுற்றச் சுற்றத் தமக்குத் தாமே குழி தோண்டின.

மீரான் அலட்டிக்கொள்ளவில்லை. சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கினார். காய்ந்த பனையோலைகளைக் கொண்டுவந்து டயருக்கு முன்னால் பரப்பினார். எங்களைப் பின்னால் நின்று தள்ளச் சொன்னார். வண்டி ஓலைமேல் ஏறி வெளியே வந்தபோது ஜெசிந்தாவும் நானும் தலைமுதல் கால்வரை சிவப்பாக இருந்தோம்.

மணலைத் தட்டிவிட்டு, பனைக்குக் கீழே பட்டையில் பதநீர் வாங்கிக் குடித்தோம். ஓலையை மடித்துப் பிடிக்கிற அந்தப் பட்டையில் இளநுங்கையும் சீவிப் போட்டார்கள். எங்கள் டவுனில் பதநீர் கண்ணாடி தம்ளரில்தான் கிடைக்கும். பனையின் மணத்தில் பாதி தம்ளரோடு போய்விடுகிறது.

விலங்குகள் விஷயத்தில் தேரி கையை விரித்துவிட்டது. உடை என்கிற முள்மரங்களின் நிழல்களில் தேடினோம். ஒரு வெட்டுக்கிளி, மணலில் புனல்போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழியானை சில, அவ்வளவுதான். வெயில் ஏறினால் இங்குள்ள உயிர்கள் வளைக்குள்ளும் வேருக்கடியிலும் போய்விடும். நாம் கதவைச் சாத்திக்கொள்வதில்லையா, அதுபோல. விடிகாலையில் வந்தால் பார்க்கலாம். ஆனால் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளின் வீடுகளில் மீன் வேலை இருக்கும். பதினோரு மணிக்கு முன் அவர்களை அனுப்ப மாட்டார்கள்.

தவக்காலம் என்பதால் மாலையில் கோயிலில் சிலுவைப் பாதை வழிபாடு. அது முடிந்ததும் ஜெசிந்தாவின் வீட்டில் கஞ்சியும், காணம் என்கிற கொள்ளில் அரைத்த துவையலும் கிடைத்தன. அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"எக்கா, நாளைக்கு ஒண்ணுமே கண்ணுல படலன்னா?" என்றாள்.

படும் என்று சொன்னேன். நம்பிச் சொல்லவில்லை.

சனி

லோடு வேனில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு டிபன் பாக்ஸ். மீன் வேண்டாம், வெயிலில் நாற்றமெடுக்கும், தயிர்சாதமோ எலுமிச்சைச் சாதமோ கொண்டுவாருங்கள் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். வண்டிக்குள் அடித்த வாசனையை வைத்துப் பார்த்தால் ஒரு வீட்டிலும் அதை மதித்ததாகத் தெரியவில்லை.

பெரிய உடைமரம் ஒன்றின் நிழலில் ஜெசிந்தா கடையில் வாங்கிய படத்தாளை விரித்தாள். அதில் புல், வெட்டுக்கிளி, ஓணான், பாம்பு, கழுகு. ஓரத்தில் அழகுக்காக ஓர் ஒட்டகம். வரிசையை நீங்களே சொல்லுங்கள் என்றாள். கூட்டத்துக்குத் தலைவிபோல இருந்த டெல்பின் ஐந்தாம் வகுப்புக்காரி. சவுதியிலிருந்து வீடியோ அனுப்பியது அவளுடைய அப்பாதான். அவள் யோசிக்கவே இல்லை.

"எல்லாத்துக்கும் மேல ஒட்டகம் டீச்சர்."

"ஏட்டி, ஒட்டகம் என்னத்தத் திங்கும்?"

"கழுகத் திங்கும்."

மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஏன் என்று விசாரித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் வீட்டு முற்றத்தில் தினமும் மீன் அறுக்கிறார்கள். சீலாவின் வயிற்றைக் கீறினால் சாளை இருக்கும், சுறாவின் வயிற்றைக் கீறினால் சீலா இருக்கும். கடலில் பெரியது சின்னதைத் தின்னும். அதற்கு மேல் பேச்சில்லை. படத்தாளில் எல்லாவற்றிலும் பெரியது ஒட்டகம். எங்கள் டவுன் பிள்ளைகள் தெரியவில்லை என்று சொல்லியிருப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கடல் தெரிந்திருந்தது, அதனால் தவறு வந்தது.

மீரானைச் சாட்சிக்கு அழைத்தார்கள். "ஒட்டகம் முள்ளத் திங்கும், காஞ்ச புல்லத் திங்கும். ஒருக்கா என் தொப்பியத் தின்னுச்சு. கழுகத் தின்னு நான் பாக்கல" என்றார். ஒட்டகம் புல்லுக்கு அடுத்த இடத்துக்கு இறக்கப்பட்டது. டெல்பினுக்கு வருத்தம்தான்.

அடுத்து ஜெசிந்தா செய்ததை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முதல் பெண்ணின் உள்ளங்கையில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அதை அப்படியே அடுத்தவர் கைக்கு மாற்ற வேண்டும். கை மாறக் கை மாறத் தண்ணீர் விரலிடுக்கில் சிந்தியது. கடைசியில் நின்றவனுக்கு ஈரம் மட்டும் கிடைத்தது. சூரியன் புல்லுக்குக் கொடுத்த பலம் இப்படித்தான் சிந்திச் சிந்திப் போகிறது என்றாள் ஜெசிந்தா. புல் தின்ற பூச்சி ஓடியாடிச் செலவழித்தது போக மிச்சம்தான் ஓணானுக்கு. ஓணானின் மிச்சம்தான் பருந்துக்கு. அதனால்தான் எறும்பு எண்ணமுடியாமல் இருக்கிறது, பருந்து வானத்தில் ஒன்றோ இரண்டோ. தேரியில் தொடக்கத்திலேயே புல் குறைவு, ஆகவே சங்கிலியும் குட்டை. இங்குள்ள ஓணானுக்குத் தண்ணீர்த்தொட்டியும் பூச்சிதான். தின்கிற பூச்சியின் உடம்பில் உள்ள ஈரமே அதற்குப் பெரும்பாலும் போதும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஓர் ஓணான்கூடக் கண்ணில் படவில்லை என்பதைத் தவிர. பிள்ளைகள் வேர்களைக் கிளறினார்கள். பாம்பு இருக்கும், கையை விடாதே என்று நான் கத்தியே களைத்துப்போனேன். பாம்பும் வரவில்லை. கடைசியில் ஜெசிந்தா உட்கார்ந்துவிட்டாள், பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

சாளைப் பொரியல், சாளைக் குழம்பு, சாளைப் புட்டு. எனக்கு ஐந்து டிபன் பாக்ஸிலிருந்து பங்கு வந்தது. சாப்பிட்டு முடித்ததும் தலையையும் முள்ளையும் எல்லோரும் தோளுக்குப் பின்னால் வீசினார்கள். கடற்கரையில் அதுதான் வழக்கம். காக்கையும் நண்டும் பார்த்துக்கொள்ளும். சுத்தமான இடத்தை நாறடித்துவிட்டீர்களே என்று ஜெசிந்தா முதல்முறையாகக் கோபப்பட்டாள். பொறுக்கி எடுங்கள் என்றாள்.

பொறுக்கப்போன சூசை திரும்பவில்லை. கூட்டத்திலேயே அதிகம் பேசாத பையன் அவன். மணலில் குந்தியபடி கையை மட்டும் பின்னால் நீட்டி, வாருங்கள் என்று அசைத்தான்.

மீன்தலைகளை எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன. உடைமர வேரிலிருந்து ஒரு கோடு போட்டதுபோல வந்துகொண்டிருந்தன. ஈக்கள் எங்கிருந்தோ வந்து மொய்த்தன. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நெடுநேரம் கழித்து, மணல் நிறத்திலேயே ஒரு சிறிய ஓணான் புதரடியிலிருந்து ஓடிவந்து நின்றது. தாடைக்குக் கீழே நீலமும் கறுப்பும் சிவப்புமாக ஒரு விசிறியை விரித்து மடித்தது. பிறகு எறும்பு வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, பந்தியில் அமர்ந்தவர்போல ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டது. டெல்பின் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

பனைப் பக்கமிருந்து ஒரு நிழல் இறங்கியது. வல்லூறு. மணல் லேசாகத் தெறித்தது. ஓணான் இருந்த இடத்தில் ஓணான் இல்லை.

ஒரு சின்னப் பெண், "அதுக்கு அம்மா தேடாதா டீச்சர்?" என்று கேட்டாள். வல்லூறுக்கும் கூட்டில் குஞ்சு இருக்கும் அல்லவா என்றாள் ஜெசிந்தா. அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திரும்பும் வழியில் நான் ஓர் ஆட்சேபம் சொன்னேன். எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வியாதி உண்டு. நாம் பார்த்தது உண்மைதான். ஆனால் மீன் தேரியைச் சேர்ந்தது அல்ல, நாம் கொண்டுவந்து போட்டது. நாம் போகாவிட்டால் இந்தச் சங்கிலி இப்படி இருந்திருக்காது, இதைத் தேரியின் உணவுச் சங்கிலி என்று எழுதக்கூடாது என்றேன். ஜெசிந்தாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். கமிட்டிக்காரர்கள் சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும், நாளைக்குப் படத்தாளில் உள்ளதையே ஒப்பித்துவிடலாம் என்றாள்.

"பாக்காததச் சொல்லவா டீச்சர்?" என்றாள் டெல்பின். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாமதான கொண்டாந்தோம் பெரிய டீச்சர்? அப்பம் நம்மளையும் சேத்து எழுதுங்க."

வேன் ஊர் வந்து சேரும்வரை ஜெசிந்தா படத்தாளைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள்.

ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஊர் முழுக்க வெள்ளை வேட்டியும் நல்ல சேலையுமாக மண்டபத்தின் முன்னே கூடியிருந்தது. ஜெசிந்தா பிள்ளைகளுக்கு அட்டைகளைக் கொடுத்தாள். படத்தாளில் உள்ள பெயர்களை எழுதி வைத்திருந்த அட்டைகள் அவை. எல்லாவற்றையும் பின்பக்கமாகத் திருப்பிக் கொடுத்து, நேற்றுப் பார்த்ததை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

பிள்ளைகள் ஒரு படகுக் கயிற்றைப் பிடித்து வரிசையாக நின்றார்கள். சூரியன், பாசி, சாளை, எறும்பு, ஓணான், வல்லூறு. முதலில் விதியைச் சொன்னாள் டெல்பின். அவள்தான் எறும்பு. யார் கயிற்றை விட்டாலும் அவருக்கு அடுத்து நிற்கிறவர்கள் எல்லாம் பட்டினி, உட்கார்ந்துவிட வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது.

"சாளைக்குத் தேரியில என்னவே சோலி?" என்றது ஒரு குரல். "பஸ்ஸு ஏறிப் போயிருக்கும்" என்றது இன்னொன்று. சாளை அட்டையைப் பிடித்திருந்த சூசை வெட்கத்தில் கயிற்றை விட்டுவிட்டான். அடுத்து நின்ற மூன்று பேரும் விதிப்படி மணலில் உட்கார, சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. நான் ஜெசிந்தாவைப் பார்க்கவில்லை.

கமிட்டித் தலைவர் மிக்கேல் அண்ணாச்சி கையை உயர்த்தினார். காற்றை மீறிப் படகுக்குப் படகு பேசிப் பழகிய குரல் அவருக்கு. சத்தம் அடங்கியது. எழுந்திரு, முதலிலிருந்து சொல்லு என்றார்.

டெல்பின் எழுந்து நின்று சொன்னாள். சூரிய வெளிச்சத்தில் கடலில் பாசி வளருகிறது, அதைச் சாளை தின்கிறது. "அது சரிதான். சாளை வயித்தக் கீறுனா பச்சையா இருக்குல்லா" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. கூட்டத்தில் பலரும் தலையை ஆட்டினார்கள். பிறகு எறும்பு, ஓணான், வல்லூறு என்று நேற்றுப் பார்த்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். விசிறியைக்கூட விடவில்லை, தாடைக்குக் கீழே கையை விரித்துக் காட்டினாள்.

"எல்லாஞ் சரி. மீனு தேரிக்கு நடந்தா போச்சு?" என்றார் அவர்.

"இல்ல மாமா. அங்கனதான் ஒரு ஆளு குறையுது. இங்கன வாங்க."

வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு பெரிய மனிதரைச் சாளைக்கும் எறும்புக்கும் நடுவில் நிறுத்தி, இரண்டு கையிலும் கயிற்றைக் கொடுத்தாள். பிடித்துக் கொண்டுவந்து போட்டவன் மனுசன், அவன் இல்லாவிட்டால் எறும்புக்குச் சாளை ஏது என்றாள். நேற்று நான் சொன்ன ஆட்சேபம் அதோடு தீர்ந்தது.

கூட்டத்தில் ஒருவர் விடவில்லை. "அப்பம் வல்லூற எவன் திங்கான்?"

டெல்பின் வரிசையை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சூசை வாயைத் திறந்தான். "அது செத்தா எறும்பு திங்கும்" என்றான். வல்லூறாக நின்ற சின்னப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, கயிற்றின் நுனியை இழுத்துக்கொண்டு நடந்துபோய் எறும்பின் கையில் கொடுத்தாள். எறும்பு, ஓணான், வல்லூறு மூவரும் ஒரு வட்டமாகிவிட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பார்ப்பதற்காக முன்னால் நெருங்கினார்கள்.

அந்த நேரம் பார்த்து, விசைப்படகுக்காரர் ஒருவர் மிக்கேல் அண்ணாச்சியிடம் வந்தார். "அண்ணாச்சி, மண்டபத்துச் சாவியக் குடுத்திட்டியன்னா இடத்தப் பாத்து வச்சிருவோம். வலைய எறக்கணும்லா" என்றார். சாவி அண்ணாச்சியின் சட்டைப் பையில் பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. எடுக்க வேண்டுமானால் ஒரு கையிலாவது கயிற்றை விட வேண்டும். அவர் இடது பக்கம் பார்த்தார், சூசை. வலது பக்கம் பார்த்தார், டெல்பின். அதற்கப்பால் ஓணானும் வல்லூறும், இப்போதே உட்காரத் தயாராக முழங்காலை மடக்கிக்கொண்டு.

"கை ரெண்டும் வேலையா இருக்குல்லா. வலைய என் வீட்டு முத்தத்துல பந்தலப் போட்டு எறக்குங்க" என்றார்.

ஜெசிந்தா மண்டபத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அண்ணாச்சியின் மனைவி கேட்டார்: "முத்தத்துலயா? அப்பம் நான் கருவாட்ட எங்க காயப்போட?"

மிக்கேல் அண்ணாச்சி கயிற்றை விடாமலே திரும்பிச் சொன்னார்.

"தேரியில போடு. அங்கன திங்க ஆளு இருக்கு."